படங்கு கட்டிய வான்

பழைய வான் ஒன்றை வைத்திருப்பவன் காலையில் முதலில் பார்க்க வேண்டியது அது இரவு நின்ற நிலத்தை. கறுப்பாகச் சொட்டியிருந்தால் எண்ணெய் ஒழுகுகிறது. மண் வெறுமனே நனைந்திருந்தால் றேடியேற்றரில் பிழை. நனைந்த தடம் உலர்ந்து, குனிந்தவுடன் மூக்கில் சுள்ளென்று ஏறினால் பெற்றோல். கையை அழுக்காக்கத் தேவையில்லை. என்னை இந்தப் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுவரும்போது உங்கள் கார் வாசலில் நிற்பதைப் பார்த்தேன், இன்ஸ்பெக்டர் ஐயா. அதன் புகைக்குழாய் வாயில் கரி தடித்துப் போயிருக்கிறது. பெற்றோல் அளவுக்கு மிஞ்சி எரிகிறது என்று அர்த்தம். யாரிடமாவது காட்டுங்கள், பிந்தவிடாதீர்கள்.

நடந்ததைச் சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன், ஒளிக்க ஒன்றுமில்லை. வானைப் பற்றிச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் உங்களுக்கு விளங்காது என்பதால் வானிலிருந்தே தொடங்குகிறேன்.

என் பெயர் அருட்பிரகாசம், ஊர் புத்தூர். புகையிலையும் வெங்காயமும் செய்கிற குடும்பம். அப்பு காலத்தில் மாட்டு வண்டில் வைத்திருந்தோம். நான் வான் வாங்கினேன். கொழும்பில் ஒரு துரை ஓட்டிச் சலித்துக் கழித்துவிட்ட வான்தான், ஆனாலும் அதன் முன்பக்கச் சீற்றுகளுக்குத் தைத்திருந்த தோல் புதிது போல இருந்தது. புத்தூரிலிருந்து நீர்வேலி ஊடாகப் பட்டணத்துக்கு ஓடும், சந்தை நாட்களில் சுன்னாகத்துக்கு. முன்னால் எங்கள் ஆட்கள் இருப்பார்கள். பின்னால் வாழைக்குலை, வெங்காயச் சாக்கு, அவற்றோடு தரையில் அவர்கள்.

அவர்கள் என்றால் எங்கள் தோட்டத்தில் கொத்துகிறவர்கள், பனை ஏறுகிறவர்கள். கோயில் வாசலைத் தாண்டாதவர்கள், எங்கள் கிணற்றில் வாளி போடாதவர்கள். சாதி குறைந்தவர்கள் என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன், நீங்கள் எழுத வசதியாக இருக்கும். எல்லோருக்கும் வாக்கு என்று சட்டம் வந்த பிறகு அவர்களில் சில இளவட்டங்கள், காசு கொடுத்தால் நாங்களும் சீற்றில் இருக்கலாம் என்று கதைக்கத் தொடங்கினார்கள். மற்ற வான்காரர்கள் அடிதடிக்குப் போனார்கள். நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை. வானை இரண்டாக்கி நடுவில் மேல் தட்டு வரைக்கும் பலகை அடித்தேன். பின்பக்கத்தில் இருக்க ஒரு மர வாங்கு போட்டேன். ஏறி இறங்கப் பின்னால் தனி வழி, சுற்றிவர மழைக்கு இறக்கிக் கட்டும் தடித்த துணிப் படங்கு. அவர்களுக்கு இருக்க இடம் கிடைத்தது, எங்கள் கண்ணிலும் படவில்லை. இரண்டு பகுதியும் என்னைப் புத்திசாலி என்றது.

எனக்குச் சிறுவயதிலிருந்தே அருவருப்பு அதிகம். அடுத்தவன் குடித்த மூக்குப்பேணியைக் கண்டாலே குமட்டும். சந்தையில் மீன் பக்கம் போனால் அன்று சோறு இறங்காது. ஒவ்வொரு பின்னேரமும் வானின் முன்பக்கத்தை நானே துணி நனைத்துத் துடைப்பேன். பின்பக்கத்துக்குத் தூரத்தில் நின்று வாளியால் தண்ணீர் எறிவேன். அந்த வாங்கின் வழவழப்பு, அதில் ஊறியிருந்த வியர்வையும் கள்ளும் எண்ணெய்ப்பிசுக்கும், இப்போது சொல்லும்போதும் எனக்குக் குமட்டி வாயில் உமிழ்நீர் ஊறுகிறது. இது பகை இல்லை, ஐயா. பகை என்றால் ஒருவனுக்குக் கெடுதல் வர வேண்டும் என்று நினைப்பது. நான் நினைத்ததெல்லாம் அவர்கள் தள்ளி இருக்க வேண்டும் என்பதுதான்.

ஒரு மாரி காலத்தில் முன்னால் இருந்தவர்கள் நாற்றம் நாற்றம் என்று முறையிட்டார்கள். ஊர்ப் பெரிய வீட்டு அம்மா ஒருவர் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "உந்தப் பலகைக்கு உள்ளாலையும் அதுகளின்ரை மணம் வருது தம்பி" என்றார். எனக்கு அது என்ன மணம் என்று உடனே தெரிந்துவிட்டது. எரிந்த எண்ணெய் மணம். வானின் மூச்சு வேறு ஏதோ வழியாக வெளியேறுகிறது. இருந்தாலும் நான் அந்த அம்மாவின் பேச்சை மறுக்கவில்லை. மறுத்தால் என் வானுக்குத்தானே குறை.

பழைய எஞ்சின் வாய் திறந்து பேசாது, புகையால் பேசும். நீலமாக வந்தால் உள்ளே எண்ணெய் எரிகிறது. வெள்ளையாக வந்து நிற்காமல் போனால் தண்ணீர் உள்ளே புகுந்திருக்கிறது. கறுப்பு என்றால் பெற்றோல் அதிகம், காற்றுக் குறைவு. சத்தத்திலும் அப்படித்தான். மேட்டில் ஏறும்போது கிணுகிணுவென்று தட்டினால் ஒரு நோய், எண்ணெய் வற்றி அடியில் தொம் தொம்மென்று தட்டினால் வேறு நோய். இதெல்லாம் எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. கேட்டுக் கேட்டு வந்தது.

வானைக் கனிசியசிடம் கொண்டுபோனேன். பட்டணத்தில் கடற்கரைப் பக்கமாகக் கராச் வைத்திருக்கிறான், கிறிஸ்தவ வேதக்காரன். வேலையைவிட வாய் நீளம், நெடுகக் கருவாட்டு மணம், பின்னேரத்தில் கள்ளுத் தவறணையில் கிடப்பான். நான் அவன் கராச்சில் ஒரு நாளும் இருந்ததில்லை, வெளியே மர நிழலில் நிற்பேன். அவன் வானுக்கு அடியில் புகுந்து வெளியே வந்து கையைக் காற்சட்டையில் துடைத்தான்.

"ஐயா, பின்பக்கத்துக்குக் கீழை புகைக்குழாய் ரெண்டாப் போச்சுது. புகை முழுக்க அடித்தட்டுப் பலகை நீக்கலுக்காலை உள்ளுக்குத்தான் ஏறுது. புதுக் குழாய் எடுக்குமட்டும் பின்னாலை சனத்தை ஏத்தாதையுங்கோ."

"அவங்கள் சுருட்டுப் புகைக்குள்ளை பிறந்தவங்கள். உது என்ன செய்யப் போகுது?"

"சுருட்டு வேறை ஐயா. உது ஆளைச் சத்தமில்லாமல் நித்திரையாக்கிப் போடும். கறுப்பாப் புகைக்கேக்கை இன்னும் மோசம். மணக்காட்டிலும் உள்ளுக்கு நிக்கும்."

அவன் பெருப்பித்துச் சொல்கிறான் என்று நினைத்தேன். அடுத்த சந்தைக்கு நீர்வேலியில் ஒரு பெண் கூடை நிறையக் கோழி ஏற்றிவிட்டாள். மழை தூறியதால் படங்கை இறக்கிக் கட்டியிருந்தேன். நல்ல வேளையாகப் பின்னால் ஆட்கள் இல்லை. சுன்னாகத்தில் திறந்தபோது ஒரு கோழியும் அசையவில்லை. கடித்த காயம் இல்லை, நெரிபட்ட காயம் இல்லை. கொண்டைகள் மட்டும் உயிரோடு இருந்த காலத்தைவிடச் சிவப்பாக இருந்தன. கோழிக்காரி என்னைத் திட்டித் தீர்த்தாள். பாம்பு புகுந்திருக்கும் என்று சொன்னேன். அன்றே கனிசியசிடம் திரும்பிப் போய், உடைந்த இடத்தைச் சுற்றி ஓர் இரும்புப் பட்டி போட்டு நட்டு முறுக்கி இறுக்கச் செய்தேன். அது நல்ல வேலை, குறை சொல்ல மாட்டேன். பிறகு புகை கொஞ்சமும் உள்ளே வரவில்லை.

இனிச் சின்னாச்சி. எங்கள் புகையிலைத் தோட்டத்தில் நெடுங்காலம் வேலை செய்தவள். புருசன் இல்லை, ஒரே ஒரு மகள். அந்தப் பெண்ணை மிசன் பள்ளிக்கூடத்தில் படிக்க வைத்தாள். பெயர் மீனாம்பிகை. எங்கள் வீட்டுப் பெண்களுக்கு வைக்கிற பெயர் அது. யாரோ ஒரு வாத்தியார் பதிவில் அப்படி எழுதிக் கொடுத்துவிட்டாராம். ஊரில் நாங்கள் மீனி என்றுதான் கூப்பிட்டோம். கூப்பிட்டால் அவள் திரும்பிப் பார்க்க மாட்டாள்.

சின்னாச்சி ஒரு நாள் வீட்டின் பின்னால் கோடிப்புறத்தில் வந்து நின்றாள். நான் வேப்பங்குச்சியால் பல் தீட்டிக்கொண்டிருந்தேன்.

"நயினார், மேளுக்கு வாற புதன் தாலி. மீசாலைப் பக்கம், மாப்பிள்ளை பகுதியின்ரை கோயிலிலை. ஆம்பிளையள் விடியவே நடந்து போயிடுவினம். பொம்பிளையளை நயினாற்றை வானிலை ஒருக்கா..."

"பின்னாலை ஏறிப் போங்கோவன். ஆர் மறிச்சது?"

"பின்னாலை இல்லை நயினார். முன் சீற்றிலை. மாப்பிள்ளை வாத்தியார், அவையின்ரை ஆக்கள் வாசல்லை நிண்டு பாப்பினம். பிள்ளை முன்னாலையிருந்து இறங்கவேணும் எண்டு எனக்கு ஒரு ஆசை. ஒரு நாளைக்கு மட்டும். பேந்து நான் ஒண்டும் கேக்கமாட்டன்."

என் மனைவி குணலட்சுமி நல்லூர்த் திருவிழாவுக்குப் போகும்போது இருக்கிற சீற் அது. அந்தத் தோலில் அவர்கள் உடம்பு அழுந்தி, அந்தச் சூடு அதில் நின்று, பிறகு அதே இடத்தில் குணலட்சுமி. நினைக்க நினைக்கத் தொண்டை வரைக்கும் புளித்தது. வாயில் இருந்ததைத் துப்பிவிட்டு, சரி என்றேன்.

ஏன் சரி என்றேன் என்று அப்போது எனக்கும் தெளிவில்லை. "ஊருக்குள்ளை நீங்கள் முன்னாலை இருந்தால் எனக்கும் கரைச்சல், உனக்கும் கரைச்சல். ஊர் தாண்டுமட்டும் பின்னாலை இருங்கோ. ஒருத்தரும் காணாமல் படங்கைச் சுத்திக் கட்டிவிடுவன். தரவை வெளிக்குப் போனதும் முன்னுக்கு மாறலாம்" என்றேன். சின்னாச்சி அழுதுவிட்டாள். என் காலில் படாமல் நிலத்தைத் தொட்டுக் கும்பிட்டாள். அவள் முறை தெரிந்தவள், அதைச் சொல்லத்தான் வேண்டும்.

குணலட்சுமி குசினிக்குள் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். உள்ளே போய்த் தன் பட்டுச்சேலை ஒன்றை, மாம்பழ நிறத்தில் நல்ல சேலை, எடுத்துவந்து சின்னாச்சியின் கையிலேயே கொடுத்தாள். "பிள்ளை இதைக் கட்டட்டும்" என்றாள். எனக்கு அதுவும் பிடிக்கவில்லை.

புதன்கிழமை காலை குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு வானைப் பார்த்தேன். நிலத்தில் ஒரு சொட்டும் இல்லை. எண்ணெய் மட்டமாக இருந்தது. றேடியேற்றர் நிறையத் தண்ணீர் விட்டேன். அதன்பிறகு சாக்கை விரித்து அடியில் புகுந்து கனிசியஸ் போட்ட பட்டியின் நட்டைக் கழற்றினேன். பட்டியைத் துடைத்து, நட்டுத் திருகும் சாவிகள் போடும் பெட்டிக்குள் வைத்தேன். நீங்கள் கண்டெடுத்தது அதுதான்.

அவர்களைக் கொல்ல நினைத்தாயா என்று கேட்டீர்கள். இல்லை. அவளுக்குத் தலை சுற்ற வேண்டும் என்று நினைத்தேன். மாப்பிள்ளை வீட்டார் பார்த்துக்கொண்டு நிற்க, என் முன் சீற்றிலிருந்து இறங்கி, அந்த வாசலில் ஓங்காளித்துச் சத்தி எடுக்க வேண்டும். யாருக்கு எந்த இடம் பொருந்தும் என்பதை உடம்பே சொல்லிவிடும். ஒரு பகிடி என்றுதான் எடுத்துக்கொண்டேன். பிறகு எஞ்சினின் முன்மூடியைத் திறந்து, காற்றை ஒடுக்கி, பெற்றோல் அதிகமாகப் போகும்படி திருகினேன். ஸ்ராட் பண்ணியபோது கன்னங்கறுப்பாகப் புகைத்தது. பகிடிக்கு இவ்வளவு தேவைப்படாது என்று கனிசியஸ் உங்களிடம் சொல்லியிருப்பான். அவனுக்கு வாய் நீளம் என்று முன்னமே சொன்னேன்.

அவர்களுடைய குடிசைகள் இருக்கும் ஒழுங்கை முகப்பில் ஏற்றினேன். சின்னாச்சி, அவள் தங்கை, தோழிப் பெண்ணாகப் போன ஒரு சின்னவள், மீனி. குணலட்சுமியின் சேலை அவளுக்கு அளவாக அமைந்திருந்தது. தலை நிறைய மல்லிகை. ஏறுமுன் என்னைப் பார்த்து, "பெரிய உதவி ஐயா" என்றாள். ஐயா என்றாள். நயினார் என்பது அவள் வாயில் வரவில்லை. படங்கை நான்கு பக்கமும் இறக்கி வெளியிலிருந்து கயிறு போட்டுக் கட்டினேன். இறுக்கமாகக் கட்டினேன்.

கோயிலடியில் ஓர் உறவினர் மறித்து, "என்ன, வெய்யிலுக்கை படங்கு கட்டிக்கிடக்கு?" என்றார். வாழைக்குலை கருகாமல் இருக்கக் கட்டினேன் என்றேன். பின்னால் அவர்கள் மூச்சுக் காட்டவில்லை. அவர் போனதும் அந்தச் சின்னவள் சிரிப்பை அடக்க முடியாமல் சிரித்தாள், மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். கலியாண வீட்டுச் சிரிப்பு. வீதி நெடுகிலும் சிரித்துக் கதைத்துக்கொண்டு வந்தார்கள். ஊர் தாண்டியபோது கதை குறைந்திருந்தது. அதற்குப் பிறகு தட்டும் சத்தம் கேட்டது.

பழைய வானில் தட்டும் சத்தம் பல வகை என்று சொன்னேனே. ஓட்டிக்கொண்டே காது கொடுத்துக் கேட்டேன். எஞ்சின் தட்டவில்லை. என் முதுகுக்குப் பின்னால் பலகையில் கையால் தட்டினார்கள். எனக்கு அது தெரியும்.

தரவை வெளியில் வாக்குக் கொடுத்தபடியே நிறுத்தினேன். அங்கே வீடு வாசல் இல்லை, உப்புப் பூத்த நிலமும் தூரத்தில் பனைகளும்தான். எஞ்சினை நிறுத்தவில்லை. பழைய எஞ்சின் சூட்டோடு நிறுத்தினால் பிறகு எடுக்காது, வான் வைத்திருக்கிற யாரிடமும் கேட்டுப் பாருங்கள். இறங்கிப் பின்பக்கம் போனேன். உள்ளேயிருந்து சின்னாச்சியின் குரல் கேட்டது. கள்ளுக் குடித்தவளின் நாக்குப் போலத் தடுமாறியது.

"நயினார்... அவிட்டு விடுங்கோ. பிள்ளைக்குத் தலையிடிக்குது. சின்னவள் எழும்புறாள் இல்லை."

"ஓம், பொறு. றேடியேற்றருக்குத் தண்ணி விட்டிட்டு வாறன்."

றேடியேற்றரில் தண்ணீர் இருந்தது. நான் தண்ணீர்த் தகரத்தை எடுத்துக்கொண்டு பனையடிக்குப் போய் நிழலில் இருந்தேன். வெற்றிலை போட்டேன். கயிற்றை அவிழ்த்தால் அவர்கள் இறங்கி முன் சீற்றில் ஏறுவார்கள். அந்தத் தோலில் இருப்பார்கள். அதை நினைக்கும் ஒவ்வொரு தடவையும் எழும்ப மனம் வரவில்லை. படங்கு இரண்டொரு தரம் உள்ளிருந்து தள்ளுப்பட்டுப் புடைத்தது. பிறகு புடைக்கவில்லை. எஞ்சின் ஒரு பிசகும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அவ்வளவு சீராக அது ஓடி நான் கேட்டதில்லை.

வெற்றிலையைத் துப்பி வாய் கொப்பளித்துவிட்டு வந்து கயிறுகளை அவிழ்த்தேன். சின்னாச்சி வாசலுக்குக் குறுக்கே கிடந்தாள், விரல் நகங்களில் படங்கு நூல் சிக்கியிருந்தது. தங்கையும் சின்னவளும் கீழே ஒருவர் மேல் ஒருவர். யாரோ சத்தி எடுத்திருந்தார்கள், மல்லிகையோடு கலந்த அந்த மணத்தில் நான் திரும்பிப் போய் வீதியோரத்தில் ஓங்காளித்தேன். மறுபடி வந்து பார்த்தபோது மீனி வாங்கில் சாய்ந்தபடி கண் திறந்திருந்தாள். உதடும் உள்ளங்கையும் நல்ல சிவப்பு. மூச்சு வந்துகொண்டிருந்தது. என்னை அடையாளம் கண்டிருப்பாள் என்று நினைக்கிறேன், கையை நீட்டினாள்.

அவளை வெளியே எடுப்பதென்றால் கமக்கட்டுக்குள் கை கொடுத்து மார்போடு அணைத்துத் தூக்க வேண்டும். சேலை முழுக்கச் சத்தி. நான் அவளை விட்டுவிட்டு ஓடினேன் என்று எழுதாதீர்கள். எஞ்சினை நிறுத்தினேன். அவர்களுடைய ஆள் ஒருவனைத் தேடிப் போனேன். தூரத்துப் பனையில் கள்ளுச் சீவிக்கொண்டிருந்த ஒருவனைக் கூப்பிட்டு இறக்கிக் கொண்டுவந்தேன். அவன் மரத்தால் இறங்கி, முட்டியைக் கட்டி வைத்து, நடந்து வருவதற்குள் நேரம் போய்விட்டது. அவன் தூக்கியபோது அவளுடைய கை தொங்கியது. அவன் அவளை மண்ணில் கிடத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தான்.

வெளிக்காற்றில் உடனே தூக்கிப் போட்டிருந்தால் அந்தப் பெண்ணாவது பிழைத்திருப்பாள் என்று டாக்குத்தர் சொன்னதாகச் சொன்னீர்கள். இருக்கலாம், அவர் படித்தவர். நட்டைக் கழற்றியது நான். படங்கு கட்டியது நான். தட்டும் சத்தத்தைக் கேட்டும் ஓட்டியது நான், நிழலில் இருந்து வெற்றிலை போட்டதும் நான். நான்கு பேரும் என்னால்தான் செத்தார்கள். எங்கே கையெழுத்து வைக்க வேண்டுமோ காட்டுங்கள், வைக்கிறேன்.

ஒரே ஒரு விசயம். குணலட்சுமி இதுவரைக்கும் என்னைப் பார்க்க வரவில்லை. சாப்பாடும் அனுப்பவில்லை, ஆள் விட்டுக் கேட்டதற்குக் கதவையும் திறக்கவில்லையாம். ஏனென்று எனக்குத் தெரியும். நான்தான் அந்தப் பெண்ணை வானிலிருந்து தூக்கி இறக்கினேன் என்று ஊரில் யாரோ கதை கட்டிவிட்டிருக்கிறான், காவலுக்கு நிற்கிற பொலிஸ்காரர் சொன்னார். அது முழுப் பொய். உங்கள் ஆட்களில் ஒருவரை எங்கள் வீட்டுக்கு அனுப்பி, அந்தப் பெண்ணை நான் விரலாலும் தொடவில்லை என்று குணலட்சுமிக்குச் சொல்லச் சொல்லுங்கள். அது தெரிந்தால் வந்துவிடுவாள்.